அம்மாவின் அச்சமும் ஓர் இரும்புத் தண்டும்

2019ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம் அது. பரங்கிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கையைப் பார்த்து வரக் குடும்பத்துடன் புறப்பட்டோம். எங்கள் ஊரான காடாம்புலியூரில் அப்போது பலாப்பழக் காலம். வெறுங்கையோடு மகள் வீட்டுக்குப் போவதில்லை என்பது அம்மாவின் சட்டம். ஆகவே பெரிய பெரிய பழங்களாக ஐந்தைக் கோணியில் சுற்றிக் காரின் கூரைமேல் இருந்த கேரியரில் ஏற்றிக் கட்டினேன். வண்டி, பிறரிடமிருந்து நான் வாங்கிய பழைய மாருதி 800.

வடலூர் தாண்டிச் சேத்தியாத்தோப்பு வரையில் எல்லாம் நலமாகவே இருந்தது. அங்கிருந்து புவனகிரி நோக்கித் திரும்பி, வளைவுகள் வரத் தொடங்கியதும் பின் இருக்கையில் இருந்த அம்மா என் இருக்கையின் முதுகை இறுகப் பற்றிக்கொண்டார்.

"மெல்லப் போப்பா. வண்டி ஒருபக்கமா சாயுது. கவுந்துடும் போல இருக்கு."

"சாயாதும்மா. எல்லாக் காரும் அப்படித்தான்" என்றேன். என் குரலில் சற்று எரிச்சலும் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வளைவில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. அதற்கடுத்த வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஊர் திரும்பியதும், "இனிமே நான் காருல வரலைப்பா. தங்கச்சியை இங்கே வரச் சொல்லு" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். முழங்கால் வலியால் பேருந்துப் படி ஏற இயலாத எழுபது வயதுத் தாய் காரிலும் வரமாட்டேன் என்றால் அதன் பொருள் என்ன? மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த என் தங்கையாலும் வீட்டை விட்டு வர இயலாது. மகள் வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்பதே அதன் பொருள். தொலைபேசியில் தங்கை அழுதாள். வண்டியின் சாய்வை எப்படியாவது போக்கிவிட வேண்டும் என்று அன்றிரவே உறுதி செய்துகொண்டேன்.

தடி எவ்வளவோ அவ்வளவு நல்லதா?

நான் கலைப் பிரிவில் பட்டம் பெற்றவன். மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என் பணி. இயந்திரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கும் என்பது மட்டுமே. ஆகவே ஒரு பட்டறையை நாடினேன்.

"பின்னாடி ஒரு ஸ்டெபிலைசர் பார் போட்டுடலாம் பாய். கம்பெனிக்காரன் முன்னாடி மட்டுந்தான் போட்டிருக்கான். பின்னாடியும் தடியா ஒண்ணு போட்டா வண்டி சாயவே சாயாது" என்றார் பட்டறைக்காரர்.

"எவ்வளவு தடி?"

"தடி எவ்வளவோ அவ்வளவு நல்லது."

வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றிய 22 மில்லிமீட்டர் தடியுள்ள தண்டு ஒன்று அங்கே கிடந்தது. அதை வெட்டி, சூடேற்றி வளைத்து, இரு முனைகளிலும் பற்றவைத்து, என் வண்டியின் பின் அச்சோடு பூட்டிக் கொடுத்தார்கள். ஓட்டிப் பார்த்தேன். வளைவில் வண்டி பலகைபோல் நேராக நின்றது. மகிழ்ச்சி தாளவில்லை. அம்மாவை அருகில் ஓரிடத்துக்கு அழைத்துச் சென்று காட்டி, "பாருங்கம்மா, இப்போது சாய்கிறதா?" என்று கேட்டு அவர் மனத்தை மாற்றினேன்.

ஐப்பசி மாதம். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் மீண்டும் பரங்கிப்பேட்டைக்குப் புறப்பட்டோம். புவனகிரிக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில், நடுவழியில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கை மிதித்தேன். மறுகணம் வண்டியின் பின்பக்கம் வெளிப்புறமாக வீசிற்று. நான் ஸ்டியரிங்கைத் திருப்பியதெல்லாம் வீணாயிற்று. அரைச் சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்தபடி வண்டி சாலையோர மண்ணில் நின்றது. இறங்கிப் பார்த்தேன். பின் சக்கரத்துக்கும் நீர் நிரம்பிய வாய்க்காலுக்கும் இடையில் ஒரு முழ இடைவெளிதான் இருந்தது.

இறைவன் காத்தான். ஒருவருக்கும் காயமில்லை. அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் பேசாமலிருந்ததுதான் என்னை வதைத்தது. அஞ்சி வரமாட்டேன் என்றவரை, "சாயாது" என்று சொல்லி அழைத்து வந்தவன் நான்தானே?

கம்பித் துண்டு கற்பித்த பாடம்

என் தங்கையின் மூத்த மகன் அப்போது பொறியியல் கல்லூரியில் வாகனப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வந்தவனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"மாமா, நீங்க சாய்வைக் குறைச்சீங்க. ஆனா பிடிமானத்தையும் சேர்த்துக் குறைச்சிட்டீங்க" என்றான்.

வேலிக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்துப் 'ப' வடிவில் வளைத்தான். நடுப்பகுதியைத் துணியால் சுற்றி என்னை இரு கைகளாலும் தளர்வாகப் பிடிக்கச் சொன்னான். பிறகு இரு முனைகளையும் ஒன்றாக மேலே தூக்கினான். கம்பி என் கைக்குள் எளிதாகச் சுழன்றது. அடுத்து ஒரு முனையை மட்டும் தூக்கி, மற்றொன்றை அழுத்தினான். இப்போது கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்த்தது.

சாய்வைத் தடுக்கும் தண்டின் வேலை இவ்வளவுதான். இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது குறுக்கிடுவதில்லை. வளைவில் வண்டி சாயும்போது ஒரு பக்கச் சக்கரம் உள்ளே அமுங்குகிறது, மறுபக்கச் சக்கரம் கீழே இறங்குகிறது. அந்த வேறுபாட்டைத்தான் தண்டு தன் முறுக்கினால் எதிர்க்கிறது. கனடா நாட்டின் பிரெடரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார்.

அடுத்து அவன் சொன்னதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. தண்டின் விறைப்பு அதன் தடிப்பைப் போல் ஒரு மடங்கில் வளர்வதில்லை. தடிப்பை நான்கு முறை தன்னோடு தானே பெருக்கிய அளவில் வளர்கிறது. நம்ப முடியாமல், மாலைப் பாடம் முடிந்து பிள்ளைகள் போனபின் மதரஸாவின் கரும்பலகையில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 18ஐ நான்கு முறை பெருக்கினால் 1,04,976. 20ஐப் பெருக்கினால் 1,60,000. அதாவது 18 மில்லிமீட்டரிலிருந்து 20க்குப் போனால், தடிப்பு ஒன்பதில் ஒரு பங்குதான் கூடுகிறது. விறைப்போ ஒன்றரை மடங்காகிறது. 22க்கு 2,34,256, இது பதினெட்டின் விறைப்பைப் போல் இரண்டே கால் மடங்கு. 24க்குப் போனால் மூன்று மடங்கையும் தாண்டுகிறது. கண்ணுக்குச் சுண்டுவிரல் நகத்தின் அளவுகூடத் தெரியாத வேறுபாடு, சாலையில் வேறொரு வண்டியையே உண்டாக்கிவிடுகிறது.

அப்படியானால் தண்டின் விறைப்பு ஒன்றரை மடங்கானால் சாய்வு அதே கணக்கில் குறைந்துவிடுமா? அதுவும் இல்லை. சாய்வை எதிர்ப்பதில் சுருள் வில்களுக்கும் பெரும் பங்குண்டு. ஒரு வண்டியில் எதிர்ப்பு முழுவதும் 100 பங்கு என்றும், அதில் வில்கள் 70, தண்டு 30 என்றும் வைத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் தண்டை மாற்றி 22 போட்டால் தண்டின் 30 பங்கு ஏறத்தாழ 44 ஆகும். மொத்தம் 114. சாய்வு எட்டில் ஒரு பங்கு அளவே குறையும். எதிர்பார்ப்பையும் கணக்கையும் ஒத்துப் பார்க்காமல் தடிப்பைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மூட்டை சுமக்கும் இருவர்

சாய்வு குறைந்தால் நல்லதுதானே, பின் ஏன் வண்டி சுற்றியது என்று கேட்டேன். மருமகன் எங்கள் ஊர் வழக்கிலேயே விளக்கினான்.

முந்திரிக் கொட்டை மூட்டைகளை இருவர் சுமக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஐம்பது கிலோ கொடுத்தால் இருவரும் நன்றாக நடப்பார்கள். ஒருவருக்கு எண்பதும் மற்றவருக்கு இருபதும் கொடுத்தால் மொத்தச் சுமை மாறவில்லை. ஆனால் எண்பது கிலோக்காரர் தள்ளாடுவார், இருபது கிலோக்காரரின் வலிமை வீணாகும். டயர்களின் இயல்பும் இதுவே. ஒரு டயரின் மேல் பாரம் இரு மடங்கானால் அதன் பிடிமானம் இரு மடங்காவதில்லை. அதற்குக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே பாரம் சமமின்றிப் பிரியப் பிரிய, அந்த இரண்டு டயர்களின் கூட்டுப் பிடிமானம் குறைகிறது.

வளைவில் உள் சக்கரங்களிலிருந்து வெளிச் சக்கரங்களுக்குப் பாரம் மாறுவதை எந்தத் தண்டாலும் தடுக்க முடியாது. அது வண்டியின் எடை, வேகம், வளைவின் கூர்மை, எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இரு சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம் என்பவற்றைப் பொறுத்தது. அந்தப் பாரமாற்றத்தில் முன் அச்சு எவ்வளவு ஏற்பது, பின் அச்சு எவ்வளவு ஏற்பது என்று பங்கு பிரிப்பதே தண்டு செய்யும் வேலை. எந்த அச்சில் தண்டு தடிக்கிறதோ அந்த அச்சு அதிகப் பங்கை ஏற்கும். அந்த அச்சின் டயர்களே முதலில் பிடி விடும்.

முன் தண்டு தடித்தால் முன் டயர்கள் முதலில் பிடி விடும். வண்டி திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வளைவுக்கு வெளியே நேராக ஓடப் பார்க்கும். ஓட்டுபவர் அஞ்சிக் காலை எடுப்பார், வேகம் தணியும், பெரும்பாலும் வண்டி வழிக்கு வந்துவிடும். பின் தண்டு தடித்தால் பின் டயர்கள் முதலில் பிடி விடும். வண்டி வாலை வீசும். அப்போது காலை எடுத்தாலோ, பிரேக்கை மிதித்தாலோ பாரம் முன்னே பாய்ந்து பின்பக்கம் இன்னும் இலகுவாகி, வால் இன்னும் வேகமாக வீசும். புவனகிரிச் சாலையில் நான் செய்தது இதைத்தான். என் பின் டயர்கள் தேய்ந்திருந்தன. சாலை நனைந்திருந்தது. சாதாரணக் குடும்பக் கார்களைச் செய்பவர்கள் முன்பக்கத்துக்குத் தண்டு கொடுத்துப் பின்பக்கத்தைப் பெரும்பாலும் மென்மையாக விடுவது கஞ்சத்தனத்தால் அன்று. பயிற்சி இல்லாதவரும் தப்பிப் பிழைக்க வேண்டும் என்ற எண்ணத்தால்.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியதுண்டு. 1997ஆம் ஆண்டு அக்டோபரில், சுவீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று நடத்திய சோதனையில், திடீரெனக் குறுக்கே வரும் விலங்கைத் தவிர்ப்பதுபோல் திருப்பப்பட்ட புதிய மெர்சிடஸ் ஏ கிளாஸ் கார் கவிழ்ந்துபோயிற்று. அந்நிறுவனம் வண்டிகளை வழங்குவதை நிறுத்திவைத்து, சஸ்பென்ஷனைத் திருத்தியமைத்து, வண்டி வழுக்குவதைத் தானே உணர்ந்து பிரேக் இடும் மின்னணுக் கருவியையும் எல்லா ஏ கிளாஸ் கார்களிலும் சேர்த்தது. தேர்ந்த பொறியாளர்களே இத்தனை பாடுபட வேண்டியிருந்த இடத்தில், பட்டறை மூலையில் கிடந்த தண்டை எடுத்து மாட்டிய என் துணிவை என்னவென்பது?

முதியவரின் தீர்ப்பு

மருமகனும் நானும் பண்ருட்டியில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். பின் தண்டைக் கண்டதும் அவர் தலையை அசைத்தார். பற்றவைத்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார். மயிரிழை போல் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. வில் எஃகைப் பற்றவைத்தால் அந்தச் சூட்டில் அதன் பதம் கெட்டுவிடும். முறுக்கு ஏற ஏற அங்கேயே உடையும் என்றார். ஓடும்போது உடைந்து தொங்கியிருந்தால்? நினைக்கவே உடல் நடுங்கியது.

"முதல்ல இதைக் கழட்டணும் ஹஜ்ரத். அப்புறம் உங்க வண்டிக்கு என்ன நோவுன்னு பாக்கலாம்."

அவர் பார்த்துச் சொன்னவை இவை. மாருதி 800இல் முன் தண்டு சாய்வைத் தடுப்பதோடு நிற்பதில்லை. அதன் முனைகள் கீழ்க் கைகளுக்குள் நுழைந்து, சக்கரங்கள் முன்பின் நகராதபடி பிடித்துக்கொள்ளும் வேலையையும் செய்கின்றன. அந்த முனைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் நைந்து போயிருந்தன. பின் ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் எண்ணெய் கசிந்து சவமாகிவிட்டன. நான்கு டயர்களிலும் நான்கு விதமாகக் காற்று. இவற்றோடு கூரைமேல் ஐம்பது அறுபது கிலோ பலாப்பழம். ஏறத்தாழ 650 கிலோ எடையே உள்ள வண்டியின் உச்சந்தலையில் அந்தச் சுமை!

"தண்டு சரியாத்தான் இருக்கு. தண்டைப் பிடிச்சிருக்கிறதெல்லாந்தான் போச்சு" என்றார் பெரியவர்.

புஷ்களையும் ஷாக்குகளையும் பின் டயர்களையும் மாற்றினோம். கேரியரைக் கழற்றினோம். கம்பெனி கொடுத்த முன் தண்டு அப்படியே இருந்தது. வண்டி சாயாமல் இல்லை. ஆனால் மெல்லச் சாய்ந்து, சாய்ந்த இடத்தில் நிலைத்து நின்று, மெல்ல நிமிர்ந்தது. முன்பு அது சாய்ந்தும் ஆடியும் துள்ளியும் அம்மாவின் தலையைச் சுற்ற வைத்திருக்கிறது.

தடிப்பைத் தேர்வோர்க்கு

நம் வீட்டு இளைஞர்கள் பலர் இன்று வண்டியை மாற்றியமைப்பதில் ஆர்வம் காட்டுகிறார்கள். அவர்களைத் தடுப்பது என் நோக்கமன்று. நான் பட்டுத் தெரிந்ததை அவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக மருமகனும் பெரியவரும் சொன்னவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, டயர், காற்று, புஷ், ஷாக் ஆகிய நான்கும் செம்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நைந்த புஷ்ஷில் மாட்டிய தடித்த தண்டு, முதலில் புஷ்ஷைத்தான் நசுக்கும்; அதுவரை அது வேலை செய்யாது.

இரண்டாவது, உங்கள் வண்டிக்கு என்ன குறை என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். முன்பக்கம் வெளியே ஓடுகிறதா, பின்பக்கம் வீசுகிறதா, அல்லது வெறும் சாய்வுதானா? முன்பக்கம் ஏற்கெனவே வெளியே ஓடும் வண்டிக்கு முன் தண்டைத் தடிக்க வைத்தால் அந்தக் குறை வளரும். முன் சக்கரத்தால் இழுக்கப்படும் கார்களில் முன் தண்டு அளவு மீறினால் வளைவில் உள் சக்கரம் இலகுவாகி வெறுமனே சுழலும். வால் வீசும் வண்டிக்குப் பின் தண்டைத் தடிக்க வைப்பதோ தற்கொலைக்கு ஒப்பாகும்.

மூன்றாவது, ஒரு முறைக்கு ஓர் அச்சு, ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர், அதற்குமேல் வேண்டாம். நான்கு முறை பெருக்கும் கணக்கை மறக்க வேண்டாம். தண்டின் கைகள் குறுகினாலும் விறைப்பு ஏறும்: கையின் நீளம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடும். உள்ளீடற்ற தண்டை வெளித் தடிப்பை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. வெளியே 24, உள்ளே 16 மில்லிமீட்டர் உள்ள குழாய்த் தண்டு, 24 மில்லிமீட்டர் திடத் தண்டின் விறைப்பில் நூற்றுக்கு எண்பது தரும். எடையோ நூற்றுக்கு ஐம்பத்தாறுதான்.

நான்காவது, நம் சாலைகளை எண்ணிப் பாருங்கள். 1990இல் தொடங்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் குழியுமில்லை, ஆடுமில்லை. அங்கே ஓடும் வண்டிக்குப் பொருந்துவது நெய்வேலிப் பாதையின் லாரிகளுக்கிடையே ஓடும் வண்டிக்குப் பொருந்தாது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போது, தடித்த தண்டு அந்த அதிர்ச்சியை மறுசக்கரத்துக்கும் கடத்தும். உள்ளே இருப்பவர்களின் தலை இடமும் வலமும் ஆடும். முதியோரும் குழந்தைகளும் ஏறும் வண்டியில் இது பெரிய இடர்.

ஐந்தாவது, சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. எதையும் பூட்டுமுன் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்வது நன்று. உங்கள் வண்டிக்கென்றே முறையாகச் செய்யப்பட்ட பொருளாக இருக்கட்டும். வெட்டி ஒட்டியது வேண்டவே வேண்டாம்.

முன் இருக்கை

எல்லாம் செம்மையானபின் அம்மாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அறியாமையால் அவரை ஆபத்தில் நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "உனக்கென்ன தெரியும், பாவம்" என்றார். அந்தப் "பாவம்" எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

மறுமாதம் அம்மாவை முன் இருக்கையில் அமர்த்தி, பரங்கிப்பேட்டைக்குப் புறப்பட்டோம். சாலை கண்ணுக்குத் தெரிந்தால் தலைச்சுற்றல் குறையும் என்று மருமகன் சொல்லியிருந்தான். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், முப்பதில் ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஒலி எழுப்பிக்கொண்டே முந்திச் சென்றார்கள். போகட்டும் என்று விட்டேன். ஆடு குறுக்கே வந்த இடத்தைக் கடக்கும்போது என் உள்ளங்கை வியர்த்தது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை வீட்டு வாசலில் இறங்கியதும், ஓடிவந்து கட்டிக்கொண்ட மகளிடம் அம்மா சொன்னார்: "இப்பத்தான் வண்டி சாயாம வருது. உங்கண்ணன் ஏதோ நல்ல கம்பியாப் போட்டிருக்கான்."

மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கழற்றி எறிந்த அந்தக் கம்பி எங்கள் கொல்லைப்புறத்துப் பாகற்பந்தலில் குறுக்கே கிடக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். வண்டி வளைவில் இன்றும் சாயத்தான் செய்கிறது. அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை.